ஆசிரியர் மறைந்தார், துப்பறிவாளர் மறையவில்லை

பிறக்காத ஒருவருக்கு இறப்பு உண்டா? உண்டு என்று எழுதிப் பார்த்தார் ஓர் ஆசிரியர். வாசகர்கள் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள். அந்த ஆசிரியர் சர் ஆர்தர் கோனன் டாயில். பிறக்காத அந்த மனிதர் ஷெர்லக் ஹோம்ஸ்.

ஹோம்ஸ் முதன்முதலில் அச்சில் தோன்றியது 1887-ஆம் ஆண்டில். 1893 டிசம்பரில், ஸ்விட்சர்லாந்தின் ரைக்கன்பாக் நீர்வீழ்ச்சியில் அவர் விழுந்து மடிந்ததாக டாயில் எழுதினார். சரித்திர நாவல்கள் எழுத நேரம் வேண்டும், அதற்கு ஹோம்ஸ் தடையாக நிற்கிறார் என்பது அவருடைய எண்ணம். ஆனால் வாசகர்களும் பதிப்பாளர்களும் விடவில்லை. 1903-இல் ஹோம்ஸ் உயிருடன் திரும்பிவந்தார். 1927 வரை நான்கு நாவல்களும் 56 சிறுகதைகளுமாக மொத்தம் 60 கதைகள் வெளிவந்தன. 1930-இல் டாயில் காலமானார்.

கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் இன்றும் ஆண்டுதோறும் புதிய ஹோம்ஸ் நாவல்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. இவற்றை எழுதுகிறவர்கள் யார்? இன்னொருவர் படைத்த பாத்திரத்தை எடுத்து எழுத அவர்களுக்கு என்ன உரிமை? எழுதும்போது அவர்கள் எந்தக் கட்டுப்பாட்டுக்குள் நிற்கவேண்டும்? இவற்றோடு நமக்கென்று ஒரு கேள்வியும் இருக்கிறது: சேலம், நாமக்கல் சமவெளிக்கும் லண்டன் பேக்கர் தெருவுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

திறந்து வைக்கப்பட்ட கதவுகள்

டாயில் தம்மை அறியாமலே பிற்கால எழுத்தாளர்களுக்குப் பல கதவுகளைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். கதை சொல்லும் டாக்டர் வாட்சன், தாம் இன்னும் எழுதாத வழக்குகளைப் பற்றி அங்கங்கே ஒரு வரியில் குறிப்பிட்டுச் செல்வார். அவ்வழக்குகளின் குறிப்புகள் அடங்கிய தகரப்பெட்டி ஒன்று லண்டன் வங்கியில் இருப்பதாகவும் ஒரு கதையில் வருகிறது. 1891-இல் வெளிவந்த முதல் சிறுகதையிலேயே, திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த துயரச் சம்பவத்தை ஹோம்ஸ் துலக்கியதாக ஒரு குறிப்பு உண்டு. திருகோணமலையில் என்ன நடந்தது? டாயில் சொல்லவேயில்லை.

இன்னொரு பெரிய கதவும் உண்டு. கதைக் கணக்கின்படி ஹோம்ஸ் நீர்வீழ்ச்சியில் மறைந்தது 1891-இல், திரும்பிவந்தது 1894-இல். இடைப்பட்ட காலத்தில் தாம் இரண்டாண்டுகள் திபெத்தில் சுற்றியதாகவும் லாசா நகரைக் கண்டதாகவும் அவரே சுருக்கமாகச் சொல்கிறார். திபெத்திய எழுத்தாளர் ஜம்யாங் நோர்பு இந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே புகுந்தார். 1999-இல் வெளிவந்த அவருடைய 'ஷெர்லக் ஹோம்ஸின் மண்டலம்' என்ற ஆங்கில நாவலில் ஹோம்ஸ் இந்தியா வந்து, இமயம் கடந்து திபெத்துக்குப் போகிறார். உடன் சென்று கதை சொல்பவர் வாட்சன் அல்லர். கிப்ளிங்கின் 'கிம்' நாவலில் வரும் வங்காளியான ஹரி சந்தர் முகர்ஜி. இந்நூலுக்கு இந்தியாவின் கிராஸ்வேர்ட் பரிசு கிடைத்தது. லண்டன் துப்பறிவாளரைக் கொண்டு தம் தாய்நாட்டின் கதையைச் சொன்னதே நோர்புவின் வெற்றி.

இப்படிப்பட்ட முயற்சிகள் புதியவை அல்ல. டாயில் உயிரோடிருந்தபோதே, 1906-இல், பிரெஞ்சு எழுத்தாளர் மோரிஸ் லெப்லான் தம் கெட்டிக்காரத் திருடன் ஆர்சேன் லூப்பேனுக்கு எதிராக ஹோம்ஸை நிறுத்தினார். டாயில் தரப்பில் ஆட்சேபம் எழுந்தது. லெப்லான் சளைக்கவில்லை, பெயரின் முதலெழுத்துகளை இடம் மாற்றி 'ஹெர்லக் ஷோல்ம்ஸ்' ஆக்கிவிட்டார்! பிறகு 1950-களில் டாயிலின் மகன் ஏட்ரியனும் ஜான் டிக்சன் கார் என்ற துப்பறியும் கதை ஆசிரியரும் சேர்ந்து புதிய சிறுகதைகள் எழுதினர். 1974-இல் அமெரிக்கரான நிக்கலஸ் மேயர், ஹோம்ஸின் கொக்கெய்ன் பழக்கத்தை மனோதத்துவ அறிஞர் சிக்மண்ட் ஃபிராய்டு குணப்படுத்துவதாக ஒரு நாவல் எழுதினார். அது பெரும் புகழ் பெற்றது. 2011-இல் டாயிலின் உரிமையைப் பேணும் அமைப்பின் அங்கீகாரத்துடன் ஆன்டனி ஹாரவிட்ஸ் 'பட்டு இல்லம்' என்ற நாவலை வெளியிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிறர் படைத்த பாத்திரத்தை எடுத்தாள்வது திருட்டாகாதா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். நூலுக்குப் பதிப்புரிமை உண்டு. ஆனால் அது என்றென்றைக்கும் நீடிப்பதில்லை. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை உரிமையை வழங்கியது. 1992-இல் அது 60 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. டாயில் மறைந்தது 1930-இல். எனவே இந்தியாவில் 1980-ஆம் ஆண்டு முடிவோடு அவர் கதைகள் பொதுச் சொத்தாகிவிட்டன.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே உரிமை, நூல் வெளியான ஆண்டைக் கொண்டு கணக்கிடப்பட்டது. பழைய கதைகள் பொதுவாகிவிட்ட பிறகும், கடைசிக் கதைகள் சில காப்புரிமைக்குள் இருந்தன. அவற்றைக் காட்டி ஹோம்ஸ் என்ற பாத்திரம் முழுவதுக்குமே கட்டணம் கேட்கப்பட்டது. 2014-இல் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. பழைய கதைகளில் உள்ள ஹோம்ஸை யாரும் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பாயிற்று. 2020-இல் வேடிக்கையான இன்னொரு வாதம் கிளம்பியது. ஆரம்பக் கதைகளில் ஹோம்ஸ் உணர்ச்சியற்றவர். பிற்காலக் கதைகளில்தான் அன்பும் பரிவும் காட்டுகிறார். ஆகவே பரிவுள்ள ஹோம்ஸைக் காட்டினால் அது உரிமை மீறல் என்றார்கள்! அவ்வழக்கு அவ்வாண்டே முடித்துக்கொள்ளப்பட்டது. 2023 ஜனவரி முதல் நாளோடு கடைசிக் கதைகளும் அங்கே பொதுச் சொத்தாகிவிட்டன. இன்று யார் வேண்டுமானாலும், எந்த மொழியிலும், புதிய ஹோம்ஸ் கதை எழுதலாம்.

தமிழுக்கு வந்த துப்பறிவாளர்

தமிழர்கள் இந்த உரிமைக்காகக் காத்திருக்கவில்லை. துப்பறியும் கதை தமிழுக்கு வந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகிறது. பண்டித நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ் நிபுணனைப் பற்றிய நூலை 1894-இல் வெளியிட்டார். தமிழில் துப்பறியும் கதையின் தொடக்கமாக அதையே கூறுவர். ஹோம்ஸ் நீர்வீழ்ச்சியில் விழுந்த கதை அச்சான அடுத்த ஆண்டு அது!

பின்னர் ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில மர்ம நாவல்களை ஏராளமாகத் தழுவி எழுதினார். ஹோம்ஸின் சாயலில் அவர் உலவவிட்ட துப்பறிவாளர் ஆனந்தசிங். பெயர் மாறியது, ஊரும் உடையும் மாறின, ஆனால் கூர்ந்து பார்த்து, பார்த்ததிலிருந்து முடிவுக்கு வரும் மூளை மாறவில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்கார் படைத்த திகம்பர சாமியாரோ முற்றிலும் நம்மூர்க்காரர். துறவிப் பெயருடன் திரிந்து, மாறுவேடங்களில் புகுந்து, அக்கிரமக்காரர்களை அகப்படுத்துவார். ஒரே பாத்திரம் பல நாவல்களில் தொடர்ந்து வருவதென்ற ஹோம்ஸ் மரபு தமிழில் இவ்வாறு வேரூன்றியது.

இங்கேதான் சேலம் வருகிறது. திருச்செங்கோட்டில் 1907-இல் பிறந்த டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில் நுட்பம் படித்துத் திரும்பியவர். நெசவுக்குப் பேர்போன மண்ணில் பிறந்து, நெசவு படித்து வந்தவர், சினிமாப் படம் எடுக்கப் புகுந்தார். 1930-களின் நடுவில் சேலத்தில், ஏற்காடு செல்லும் சாலையில், மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் இந்நிறுவனத்தில் உருவாயிற்று. 1956-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம்.

அந்த ஸ்டுடியோவில் 1950-இல் உருவானதுதான் 'திகம்பர சாமியார்'. சுந்தரமே இயக்கினார். பின்னாளில் வில்லன் நடிகராகப் பெயர்பெற்ற எம். என். நம்பியார், பல வேடங்கள் பூணும் துப்பறிவாளராக அதில் தோன்றினார். நாவலாசிரியர் வடுவூரார் 1942-லேயே காலமாகிவிட்டார். ஆசிரியர் மறைந்து எட்டாண்டுகள் கழித்து, அவருடைய துப்பறிவாளர் சேலத்தில் மறுபிறவி எடுத்தார்! லண்டனில் ஹோம்ஸுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. சுந்தரம் 1963-இல் மறைந்த பிறகும் அந்நிறுவனம் துப்பறியும் படங்களைக் கைவிடவில்லை. ஜெய்சங்கர் நடித்த 'சி.ஐ.டி. சங்கர்' 1970-இல் வந்தது. இன்று ஸ்டுடியோ இல்லை. அதன் நுழைவாயில் வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது.

நாமக்கல்லுக்கும் இதில் பங்குண்டு. நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை எழுதிய 'மலைக்கள்ளன்' நாவலின் நாயகன் சட்டத்தின் கண்ணுக்குக் கள்ளன்; ஆனால் மாறுவேடத்தில் உலவி, போலீசாருக்கு முன்பே உண்மையைக் கண்டறிபவன். 1954-இல் கோவை பட்சிராஜா நிறுவனம் அதைப் படமாக்கியது. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. பிறகு தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, சிங்களம் ஆகிய மொழிகளுக்கும் சென்றது. பாத்திரங்கள் கடல் கடந்து வருவதும் உண்டு, போவதும் உண்டு என்பதற்கு இது சான்று.

காலம் என்னும் கடிவாளம்

இனி எழுதுவோர்க்குரிய கட்டுப்பாட்டுக்கு வருவோம். சட்டத் தடை நீங்கிவிட்டது என்பதால் எதை வேண்டுமானாலும் எழுதிவிட முடியுமா? முடியாது. விஞ்ஞான வரலாறு குறுக்கே நிற்கிறது.

ஹோம்ஸை நாம் முதலில் சந்திப்பது ஓர் ஆய்வுக்கூடத்தில். இரத்தத்தை மட்டுமே காட்டிக்கொடுக்கும் ஒரு சோதனையைக் கண்டுபிடித்துவிட்டதாக அவர் துள்ளிக் குதிக்கிறார். இது 1887-ஆம் ஆண்டுக் கதை. அந்நாளில் ஒரு கறை இரத்தமா, துருவா என்பதை ஓரளவே சொல்ல முடிந்தது. அது மனித இரத்தமா, ஆட்டு இரத்தமா என்று திட்டமாகக் கூறும் சோதனையை ஜெர்மானியரான பால் ஊலென்ஹூத் 1901-இல்தான் கண்டறிந்தார். இரத்தப் பிரிவுகளை கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டதும் ஏறத்தாழ அதே சமயத்தில். ஆகவே 1890-இல் நடக்கும் புதிய நாவலில் ஹோம்ஸ் இரத்தப் பிரிவைக் கொண்டு கொலைகாரனைப் பிடித்தால், அந்த நாவலாசிரியரைத்தான் நாம் பிடிக்க வேண்டியிருக்கும்!

கைரேகையும் அப்படியே. அதன் வரலாற்றில் இந்தியாவுக்குப் பெரும் பங்குண்டு. 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பத்துக்குத் துணையாகக் கைத்தடத்தைப் பதிய வைத்தார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் அமைந்தது. லட்சக்கணக்கான ரேகைகளை வகைப்படுத்தித் தேடும் முறையை உருவாக்கியதில், அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இரு இந்தியர்களின் உழைப்பு முக்கியமானது. ஆனால் அம்முறை அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயராலேயே வழங்குகிறது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டு கைரேகைப் பிரிவைத் தொடங்கியது 1901-இல். 1903-இல் வெளிவந்த ஒரு ஹோம்ஸ் கதையில் சுவரில் பதிந்த கட்டைவிரல் தடம் வருகிறது. அது மெழுகில் அச்செடுத்துப் போலியாகப் பதிக்கப்பட்டது என்று ஹோம்ஸ் நிரூபிக்கிறார். புதிய சாட்சியம் புழக்கத்துக்கு வந்த உடனேயே, அதையும் ஏமாற்ற முடியும் என்று டாயில் எச்சரித்துவிட்டார் என்பது கவனிக்கத்தக்கது.

ஓடும் ரயிலில் ஒரு கணக்கு

இயற்பியல் மாணவர்களுக்கு ஹோம்ஸ் கதைகள் நல்ல பயிற்சிக் களம். ஒரு கதையில் ரயிலில் போகும்போது, மணிக்கு 53½ மைல் வேகத்தில் செல்கிறோம் என்கிறார் ஹோம்ஸ். தந்திக் கம்பங்களுக்கு இடையே 60 கஜம் என்பது அவருக்குத் தெரியும். கையில் கடிகாரம் இருக்கிறது. 60 கஜம் ஏறத்தாழ 55 மீட்டர். 53½ மைல் வேகம் என்பது வினாடிக்குச் சுமார் 24 மீட்டர். ஆக, ஒரு கம்பத்திலிருந்து அடுத்ததற்கு 2.3 வினாடி.

ஒரே ஓர் இடைவெளியை மட்டும் அளந்து 'அரை மைல்' வரை துல்லியம் கூற முடியுமா? சிந்தித்துப் பாருங்கள். கடிகாரம் பார்ப்பதில் ஒரு வினாடி பிசகினால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். ஆனால் 50 இடைவெளிகளை எண்ணினால் மொத்த நேரம் ஏறத்தாழ 115 வினாடி. அதில் ஒரு வினாடி பிசகு என்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதாவது அரை மைலுக்குள் அடங்கும். எனவே ஹோம்ஸ் ஏறக்குறைய இரண்டு நிமிடமாவது வாய் பேசாமல் கம்பங்களை எண்ணியிருக்க வேண்டும். ஊசலின் அலைவு நேரத்தைக் காண ஒரே அலைவை அளக்காமல் இருபது அலைவுகளை அளக்கச் சொல்கிறோமே, அதன் காரணமும் இதுதான். சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் ரயிலில் அடுத்த முறை போகும்போது, கிலோமீட்டர் கற்களைக் கொண்டு நீங்களும் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த இரு கற்களுக்கு 45 வினாடி ஆனால் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர்.

இன்னொரு கதையில் நிழல் கணக்கு வருகிறது. 6 அடிக் கோலின் நிழல் 9 அடி. அப்படியானால் 64 அடி மரத்தின் நிழல் 96 அடி. ஒத்த முக்கோணங்களின் எளிய விதி. ஆனால் இதை அப்படியே சேலத்துக்குக் கொண்டுவந்தால் இடறும். இங்கிலாந்தில் குளிர்கால நண்பகல் நிழல், மரத்தின் உயரத்தைவிட நீளமாக விழும். சேலமோ வட அட்சரேகை சுமார் 11½ டிகிரியில் உள்ளது. இங்கே டிசம்பரிலும் நண்பகல் நிழல் மரத்தின் உயரத்தைத் தொடாது. ஏப்ரல் பிற்பகுதியில் ஒரு நாளும் ஆகஸ்ட் பிற்பகுதியில் ஒரு நாளும் நண்பகல் நிழலே இராது. இவ்விரு நாட்களுக்கு இடையே நிழல் தெற்கு நோக்கி விழும். லண்டன் வாசகருக்குத் தென்னிழல் வியப்பு. நமக்கு அது அன்றாடக் காட்சி.

டாயில் இடறிய இடம்

கதையின் பின்னணியில் இந்தியா வரும்போது டாயில் சில இடங்களில் இடறியிருக்கிறார். 1892-இல் வெளிவந்த புகழ்பெற்ற கதையொன்றில், கல்கத்தாவில் தொழில் செய்த ஒரு டாக்டர், இந்தியாவிலிருந்து வரவழைத்த பாம்பைக் கொலைக் கருவியாக்குகிறார். பாலூற்றி வளர்க்கிறார், சீட்டியடித்துத் திரும்ப அழைக்கிறார். அவர் தோட்டத்தில் இந்தியாவிலிருந்து வந்த சிறுத்தையும் பபூன் குரங்கும் திரிகின்றன.

நம் கிராமத்துச் சிறுவர்களே இதில் பிழை கண்டுபிடிப்பார்கள். எலியும் தவளையும் பாம்பின் உணவு, பால் அன்று. புற்றுக்குப் பால் வார்ப்பது நம் வழிபாட்டைச் சேர்ந்தது, பாம்பின் பசியைச் சேர்ந்தது அன்று. பாம்புக்கு வெளிச் செவி கிடையாது. தரையின் அதிர்வையும் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளையுமே அது உணர்கிறது. உச்ச ஒலியான சீட்டிக்கு அது திரும்பிவரும் என்பது நடவாத காரியம். பபூன் இந்தியக் குரங்கே அல்ல. ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் வாழ்வது. டாயிலின் புகழை இவை குறைத்துவிடவில்லை. ஆனால் இந்த மண்ணிலிருந்து எழுதுகிறவர் இப்பிழைகளைத் தவிர்க்க முடியும் என்பது நமக்கு ஊக்கம் தருவதல்லவா?

கதையல்ல, நிஜம்

துப்பறியும் கதை வெறும் பொழுதுபோக்குத்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. சாட்சியத்தை ஆராயத் தெரியாவிட்டால் குற்றமற்றவர் சிறைக்குப் போவார். அதற்கு லண்டன் பக்கத்திலிருந்து ஒன்றும் சேலத்திலிருந்து ஒன்றுமாக இரு நிஜ நிகழ்ச்சிகளைச் சொல்லலாம்.

ஜார்ஜ் எடல்ஜி என்பவர் இங்கிலாந்தில் வாழ்ந்த இளம் வழக்கறிஞர். அவருடைய தந்தை இந்தியப் பார்சி வம்சத்தவர். இரவில் வயல்களைக் கடந்து சென்று கால்நடைகளைக் கத்தியால் சிதைத்ததாக 1903-இல் அவர்மீது குற்றம் சாட்டி ஏழாண்டுத் தண்டனை விதித்தனர். மூன்றாண்டுகள் கழித்து, குற்றம் நீங்காமலே விடுதலையான அவரை டாயில் நேரில் சந்திக்கப் போனார். எடல்ஜி செய்தித்தாளைக் கண்ணுக்கு மிக அருகில், அதுவும் சற்றே சாய்வாகப் பிடித்துப் படிப்பதைத் தூரத்திலிருந்தே கண்டார். டாயில் கண் மருத்துவமும் பயின்றவர். எடல்ஜியின் கிட்டப்பார்வை சுமார் 8 டயாப்டர். இதன் பொருள் என்ன? மீட்டரில் 8-இல் ஒரு பங்கு, அதாவது 12½ சென்டிமீட்டருக்கு அப்பால் உள்ள எதுவும் கண்ணாடியின்றி அவருக்குத் தெளிவாகத் தெரியாது. அத்துடன் சிதறல் பார்வைக் குறையும் இருந்தது. இப்படிப்பட்டவர் காரிருளில் வேலிகளையும் ரயில் பாதையையும் கடந்துபோய் இந்தக் காரியத்தைச் செய்தாரா? 1907 ஜனவரியில் டாயில் பத்திரிகையில் எழுதினார். அவ்வாண்டு மே மாதம் எடல்ஜிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது; நஷ்டஈடு கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைய இவ்வழக்கும் ஒரு காரணம். லென்சின் திறனும் குவியத் தூரமும் தேர்வுக்கு மட்டும் உரியவை என்று எண்ணும் மாணவர்கள் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு தலைமுறைக்கு முன், 1882-இல், சேலத்தில் ஒரு கலவரம் நிகழ்ந்தது. அதைத் தூண்டியதாக, நகரசபை உறுப்பினராயிருந்த சி. விஜயராகவாச்சாரியார்மீது குற்றம் சாட்டி, பத்தாண்டுத் தண்டனை விதித்தனர். சென்னை உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து அவர் விடுதலை பெற்றார். அதோடு அவர் ஓயவில்லை. பொய்ச் சாட்சியத்தை அம்பலப்படுத்தப் பாடுபட்டார். பறிக்கப்பட்ட நகரசபைப் பதவிக்காக அரசாங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தார். அதே கலவரத்தின் பேரில் அந்தமானுக்கு அனுப்பப்பட்ட மற்றவர்களின் விடுதலைக்காகவும் போராடினார். பின்னர் 1920-இல் நாகபுரிக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த பெருமகனார் இவரே. 1890-இல் வந்த இரண்டாவது ஹோம்ஸ் நாவலில் அந்தமான் கைதி ஒருவர் வருகிறார். ஆனால் அந்தமானின் மக்களை டாயில் அந்நாவலில் இழிவாகவே சித்திரித்தார். சேலத்து வீடுகளில் அந்தமான் என்ற சொல் எத்தனை கண்ணீரை வரவழைத்திருக்கும் என்பது லண்டன் வாசகருக்குத் தெரிய வழியில்லை.

நீங்களும் எழுதலாம்

இப்போது உங்களுக்கு ஒரு பயிற்சி. ஹோம்ஸ் காணாமற்போன அந்த மூன்றாண்டுகளில், 1892 வாக்கில், அவர் சேலத்துக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். ரயிலில் வரலாமா? வரலாம். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை செல்லும் பாதை 1860-களின் தொடக்கத்திலேயே சேலம் வழியாகப் போடப்பட்டுவிட்டது. நாமக்கல்லுக்கு ரயிலில் போகலாமா? போக முடியாது. அந்தப் பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 2013-இல். ஏறத்தாழ 50 கிலோமீட்டரை ஹோம்ஸ் மாட்டு வண்டியில்தான் கடக்க வேண்டும். நாமக்கல் மாவட்டம் என்று எழுதலாகாது. அது சேலத்திலிருந்து பிரிந்தது 1997-இல். மேட்டூர் அணை முடிந்தது 1934-இல். ஆகவே காவிரி தடையின்றி ஓடும். எக்ஸ் கதிர் 1895-இல்தான் வரும். ஆனால் தந்தி உண்டு, உருப்பெருக்கி உண்டு, நல்ல நுண்நோக்கியும் உண்டு.

சந்தேகத்துக்குரிய ஒருவனின் செருப்பில் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கிறது. ஏற்காடு மலையடிவாரத்து வெள்ளைக்கல்லா, சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லா? பார்வைக்கு இரண்டும் வெள்ளை. ஹோம்ஸ் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விடுகிறார். சுண்ணாம்புக்கல்லாயின் குளிர்ந்த அமிலத்திலேயே நுரைத்துப் பொங்கும். வெள்ளைக்கல் எனப்படும் மாக்னசைட்டோ, அமிலத்தைச் சூடாக்கினால்தான் நன்கு பொங்கும். செருப்பில் கறுப்பு மணலும் இருக்கிறதா? காந்தத்தைக் காட்டுகிறார். ஒட்டிக்கொண்டால், கஞ்சமலையின் மாக்னடைட் இரும்புத்தாதுப் பக்கம் அவன் நடந்திருக்கக்கூடும். 'நடந்தான்' என்று உடனே முடிவு கட்டலாகாது. அதே தாது வேறு இடங்களிலும் உண்டு. ஒரு தடயம் ஒன்றை விலக்க உதவும். பல தடயங்கள் ஒத்துப்போனால்தான் ஒன்றை நிறுவ உதவும். இந்த அடக்கமே தடய விஞ்ஞானத்தின் அடிப்படை. எடின்பரோவில் டாயிலுக்கு மருத்துவம் கற்பித்த டாக்டர் ஜோசப் பெல், நோயாளியைக் கூர்ந்து நோக்கியே அவர் தொழிலையும் வாழ்க்கையையும் ஊகித்தவர். ஹோம்ஸுக்கு முன்மாதிரி அவரே. ஊகித்த பிறகு அதைச் சரிபார்ப்பதும் அவருடைய பாடத்தில் அடங்கும்.

இன்று சேலத்திலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. கறைகளும் மண்ணும் நஞ்சும் அங்கே கருவிகளால் ஆராயப்படுகின்றன. அங்கே பணிபுரிவோர்க்குத் தேவையானவை, உங்கள் பாடநூலில் உள்ள வேதியியலும் இயற்பியலும்தான். அவற்றோடு அவசரப்படாத மனமும் வேண்டும். நடேச சாஸ்திரியும் குப்புசாமி முதலியாரும் வடுவூராரும் தம் காலத்து வாசகருக்குத் துப்பறிவாளரைத் தமிழில் பேசவைத்தார்கள். சுந்தரம் அவரைத் திரையில் நடமாடவிட்டார். அடுத்த கதையை உங்களில் ஒருவர் எழுதலாம். எழுதுவதற்கு முன், உங்கள் ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து, ஒரு சொட்டு அமிலத்தையும் ஒரு காந்தத்தையும் கொண்டு சோதித்துப் பாருங்கள். அமிலத்தைக் கையாளும்போது ஆசிரியர் அருகில் இருக்கட்டும்.